வீடு அவிகிறதா? வெக்கை வருகிற வழியைக் கண்டுபிடிப்பது எப்படி

சித்திரை பிறந்தால் எனக்கு வருகிற தொலைபேசி அழைப்புகளில் பாதி ஒரே மாதிரித்தான் இருக்கும். "தம்பி, வீட்டுக்குள்ள இருக்கேலாமல் கிடக்கு. என்ன செய்யலாம்?" நான் வீட்டுப் படம் கீறுகிறவன். இலங்கையின் வன்னியில், கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் பதினைந்து வருடமாக இதுதான் தொழில். கேட்கிறவர் பெரும்பாலும் அடுத்த வசனத்திலேயே மருந்தையும் சொல்லிவிடுவார்: சீலிங் அடிக்கட்டோ, ஏசி பூட்டட்டோ, இன்னொரு ஃபான் வாங்கட்டோ. வருத்தம் என்னவென்று பார்க்காமல் பாமசிக்குப் போகிற கதைதான்.

என் வீட்டிலும் நான் அந்தப் பிழையை விட்டேன். 2013இல் கட்டும்போது கையில் இருந்த காசுக்கு அஸ்பெஸ்டஸ் சீற் போட்டேன். முதல் கோடையே தாங்கமுடியவில்லை. கடன் பட்டு சீலிங் அடித்தேன். பகல் வெக்கை கொஞ்சம் குறைந்தது, இரவு வெக்கை அப்படியே இருந்தது. இரவில் சுடுவது மேற்குச் சுவர் என்று பிடிக்க இன்னும் இரண்டு கோடை போனது. அதற்கு வேண்டியிருந்தது ஒரு கொடித்தோடைப் பந்தல் மட்டும். சீலிங்குக்குக் கொடுத்ததில் இருபதில் ஒரு பங்கு கூட அதற்குச் செலவாகவில்லை. வீடு வீடாகப் படம் கீறுகிறவன் தன் வீட்டுச் சுவரில் கைவைத்துப் பார்க்க மூன்று வருடம் எடுத்தான் என்றால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

நாம் பேசும் பேச்சிலேயே வருத்தம் வகை பிரிந்துதான் கிடக்கிறது. வெக்கை என்றால் சூடேறிய ஏதோ ஒன்று உங்கள் மேல் அடிக்கிறது: கூரை, சுவர், முற்றம். புழுக்கம் என்றால் காற்று அசையவில்லை, வியர்வை காயவில்லை. அனல் என்றால் வெளியிலிருந்து சூடான காற்றே உள்ளே வருகிறது. மூன்றுக்கும் மூன்று வைத்தியம். புழுக்கத்துக்குச் செய்வதை அனலுக்குச் செய்தால் நிலைமை மோசமாகும்.

## முதலில் ஒரு நாள் சோதனை

முகில் இல்லாத ஒரு நாளை எடுங்கள். காலை 10 மணி, பகல் 2 மணி, மாலை 5 மணி, இரவு 10 மணி என்று நாலு தரம் வீட்டைச் சுற்றி வாருங்கள். ஒவ்வொரு தரமும் புறங்கையை மூன்று இடத்தில் வையுங்கள்: நாலு பக்கச் சுவரின் உட்புறம், நிலம், பிறகு ஒரு கதிரையில் ஏறி சீலிங் அல்லது சிலாப்பின் (கொங்கிறீற் தட்டின்) அடிப்பக்கம். சீலிங் இல்லாத சீற் வீடென்றால் தொடத் தேவையில்லை; கூரைக்குக் கீழே நின்றாலே உச்சந்தலைக்குத் தெரியும். உள்ளங்கை வேலை செய்து தடித்துப் போனது, அதை நம்ப வேண்டாம். எந்த நேரத்தில் எது சுடுகிறது என்று பிள்ளையின் கொப்பி ஒன்றின் பின்பக்கத்தில் எழுதி வையுங்கள். இதற்குக் காசு போகாது.

எழுதியதை வைத்துக்கொண்டு கீழே உங்கள் வீட்டுக்குரிய அறிகுறியைத் தேடுங்கள். இரண்டு மூன்று ஒன்றாக இருக்கவும் கூடும்.

## காலை ஒன்பதரைக்கே தலை சுடுகிறது. பொழுது பட்டு ஒரு மணித்தியாலத்தில் தணிந்துவிடுகிறது

இது கூரை. அதிலும் மெல்லிய கூரை: அஸ்பெஸ்டஸ் சீற் அல்லது தகரம். மெல்லியது சட்டென்று சுடும், சட்டென்று ஆறும். அதனால்தான் இரவில் அதன் மேல் சந்தேகம் வருவதில்லை.

வவுனியா, முல்லைத்தீவு, கிளிநொச்சி எல்லாம் பூமத்திய ரேகைக்கு வடக்கே ஏறக்குறைய 9 பாகையில் கிடக்கின்றன. சூரியன் வருடத்தில் இரண்டு தரம் எங்கள் உச்சிக்கு நேரே வரும்: சித்திரைப் புத்தாண்டை ஒட்டி ஒரு தரம், ஓகஸ்ட் கடைசியில் இன்னொரு தரம். அந்த நாட்களில் மதியம் சுவர்களில் வெயில் படுவதே இல்லை, முழுவதையும் கூரைதான் வாங்குகிறது. நான்கு சுவரையும் பார்த்துப் பார்த்துக் கட்டிவிட்டு, கூரைக்குக் காசு முடிந்துபோய் சீற் போடுகிறோம். நானும் அதைத்தான் செய்தேன் என்று மேலேயே சொல்லிவிட்டேன்.

யுத்தம் முடிந்து ஊர் திரும்பி 2010இல் தறப்பாள் கொட்டிலில் இருந்தவர்களுக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. தறப்பாளுக்கு மேல் நாலு கிடுகு போட்ட கொட்டிலுக்கும் போடாத கொட்டிலுக்கும் இருந்த வித்தியாசம் உடம்புக்குத் தெரியும்.

வைத்தியத்தைச் செலவு குறைந்ததிலிருந்து சொல்கிறேன்.

*வெள்ளை அடிப்பது.* புதுச் சீற் சாம்பல் நிறம், ஐந்து வருடத்தில் பாசி பிடித்துக் கறுப்பு. கறுப்பு வெயிலைக் குடிக்கும், வெள்ளை திருப்பி அனுப்பும். நன்றாக நீர்த்த சுண்ணாம்பை வடித்து இரண்டு பூச்சு அடித்தாலே அன்றைக்கே வித்தியாசம் தெரியும். மாரி மழை அதைக் கழுவிவிடும், ஆகவே ஒவ்வொரு வருடமும் மாசி, பங்குனியில் திரும்ப அடிக்க வேண்டும். காசு இருந்தால் கூரைக்கென்று விற்கிற வெள்ளைப் பெயின்ற் சில வருடம் நிற்கும்.

இங்கே ஒரு கண்டிப்பு. அஸ்பெஸ்டஸ் சீற்றைக் காய்ந்த நிலையில் கம்பித் தூரிகையால் உரசாதீர்கள், கிறைண்டரால் வெட்டாதீர்கள். அந்தத் தூசு நெஞ்சுக்குள் போனால் திரும்பி வராது. நுரையீரல் புற்றுநோய் வரைக்கும் கொண்டுபோகும். ஈரமாக்கி, மெதுவாக, வாயையும் மூக்கையும் மூடிக்கொண்டுதான் தொட வேண்டும். சீற்றின் மேல் நேரடியாகக் காலும் வைக்காதீர்கள். பலகை போட்டு, கீழே மரம் இருக்கிற இடமாகப் பார்த்து நடக்க வேண்டும். வெக்கையைக் குறைக்க ஏறி முதுகு முறிந்தவர்கள் இருக்கிறார்கள்.

*கூரைக்கு மேலே நிழல்.* நாற்றுமேடைக்குப் பிடிக்கிற பச்சை நெற்றை (நிழல் வலையை) கூரைக்கு ஓரடி உயரத்தில் இழுத்துக் கட்டுவது. ஓரடி இடைவெளிதான் முக்கியம், ஒட்டிக் கிடந்தால் பலன் பாதி. கிடுகு இன்னும் நல்லது, ஆனால் எலி வரும், எலிக்குப் பின்னால் பாம்பு வரும், தீப்பொறிக்கும் பயம். சோழகம் என்கிற தென்மேற்குக் காற்று கிளப்பாமல் பழைய மீன்வலையால் மூடிக் கட்டுவார்கள். குசினிப் புகைபோக்கிக்குக் கிட்ட வேண்டாம்.

*வெள்ளித் தாள்.* கடையில் இன்சுலேஷன் ஷீற் என்று கேட்டால் தருவார்கள். இதில் மேசன்மார் விடுகிற பிழை ஒன்று உண்டு: சீற்றோடு ஒட்ட, மினுங்குகிற பக்கத்தை மேலே பார்க்க வைத்து அடித்துவிடுவார்கள். மினுங்குகிற பக்கத்துக்கு முன்னால் குறைந்தது ஓர் அங்குலம் வெறும் காற்று இருந்தால்தான் அது வேலை செய்யும், ஒட்டினால் அது வெறும் தகடு. மேலே பார்த்தால் தூசு படிந்து மினுக்கம் போய்விடும். கீழே பார்க்க வைத்து, சீலிங்குக்கும் அதற்கும் நடுவில் இடைவெளி விடச் சொல்லுங்கள்.

*சீலிங்.* நல்லதுதான், ஆனால் மேலே அடைபட்ட காற்றுக்கு வழி வேண்டும். முகட்டின் இரண்டு முக்கோணச் சுவரிலும் ஒவ்வொரு பூக்கல் (ஓட்டை வைத்த கல்) துவாரம் விட்டு, வௌவால் வராமல் கம்பி வலை அடியுங்கள். தாழ்வாரத்துக்கு அடியிலும் சிறிய துவாரங்கள் இருந்தால் கீழே காற்று புகுந்து மேலே வெளியேறும். என் வீட்டில் துவாரம் விடாமல் அடித்தேன். பின்னேரம் மூன்று மணிக்கு சீலிங்குக்கு மேல் தலையை நீட்டிப் பார்த்தபோது போறணைக்குள் தலை விட்டது போல இருந்தது.

*ஓடு.* முடிந்தால் இதுதான். சுட்ட மண் சீற்றை விடத் தடிப்பு, ஓட்டுக்கும் ஓட்டுக்கும் இடையில் காற்றும் கசியும். சீற்றைக் கழற்றாமலே அதன் மேல் பீலி ஓடு என்கிற அரைவட்ட ஓட்டை அடுக்கலாம். பெயர்பெற்ற கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா பல கட்டடங்களில் அப்படித்தான் செய்தார். சீற் மழையைத் தாங்கும், ஓடு வெயிலைத் தாங்கும். ஆனால் ஓடு பாரம். சீற்றுக்கென்று போட்ட கைமரமும் சலாகையும் அதைச் சுமக்காது. தச்சரைக் கூட்டி வந்து பார்க்காமல் ஒரு ஓடு கூட ஏற்ற வேண்டாம்.

## பகலில் பரவாயில்லை. இரவு எட்டு மணிக்குத்தான் அறை சுடத் தொடங்குகிறது

விசுவமடுப் பக்கம் ஓர் அக்கா வீடு. புளொக் கல், ஓட்டுக் கூரை, சீலிங், எல்லாம் ஒழுங்கு. ஆனால் படுக்கையறையில் இரவு ஒரு மணி வரைக்கும் ஒருவரும் படுப்பதில்லை. பேய் என்று கூட ஒரு கதை கிளம்பியிருந்தது. இரவு ஒன்பது மணிக்குப் போனேன். கட்டிலின் தலைமாடு மேற்குச் சுவரோடு. அக்காவை அந்தச் சுவரில் முதுகு சாய்க்கச் சொன்னேன். சாய்த்தவர் எண்ணி ஐந்தாவது செக்கனில் எழும்பிவிட்டார். சாமிப் படத்தின் பின்பக்க மட்டை கூட வளைந்து போயிருந்தது. வெளியே போய்ப் பார்த்தால் சுவருக்குக் கடும் செம்மண் நிற பெயின்ற், ஒரு செடி கூட இல்லை.

கல்லும் கொங்கிறீற்றும் சீற்றுக்கு நேர் எதிர். மெதுவாகக் குடித்து மெதுவாகக் கக்கும். கைக்கணக்காக அங்குலத்துக்கு முக்கால் மணித்தியாலம் என்று வையுங்கள். ஆறு அங்குலப் புளொக் கல் சுவரில் மாலை நாலு மணிக்கு வாங்கிய வெயில் எட்டரை மணிக்கு உட்பக்கம் வந்து சேரும், ஒன்பது அங்குலச் செங்கல் சுவரில் பதினொரு மணிக்கு. தடித்த சுவர் குளிர்ச்சி என்று சொல்வது பகலில் இருக்கிற அறைக்குச் சரி. இரவில் படுக்கிற அறையின் மேற்குச் சுவருக்கு அது வினை.

உள்ளே எதைச் செய்தாலும் இது போகாது. வெயில் சுவரில் படுமுன் வெளியிலேயே மறிக்க வேண்டும். அக்கா வீட்டில் செய்தது: சுவரிலிருந்து இரண்டடி தள்ளி கொங்கிறீற் தூண் நாலு நட்டு, வலைக் கம்பி இழுத்து, கொடித்தோடை விட்டது. அது ஏறும் வரைக்கும் முதல் கோடைக்குக் கிடுகுத் தட்டி. சுவருக்கு வெள்ளை. குசினியில் கழுவுகிற தண்ணீரை ஒரு வாய்க்கால் கீறி அந்தப் பக்கம் திருப்பிவிட்டோம், ஏனென்றால் ஆவணியில் கிணறு இறங்கும்போது கொடிக்கு ஊற்ற யாருக்கும் மனம் வராது. கொடியைச் சுவரிலேயே ஏற்றாதீர்கள். ஈரமும் கறையானும் சேர்ந்து வரும்.

இடம் இருந்தால் மேற்கில் ஒரு பத்தி, அதாவது சாய்ப்புக் கூரை, இறக்குவது அதைவிட நல்லது. விறகு, நெல்மூட்டை, மோட்டார் சைக்கிள் எல்லாவற்றையும் அங்கே தள்ளலாம். விறகு வெயில் காயட்டும், நீங்கள் ஏன் காய வேண்டும்?

இனி, சோதனையில் சுவர் குளிர்ந்து தலைக்கு மேல் சுடுகிறதென்றால் அது சிலாப். வெளிநாட்டுக் காசில் கட்டிய வீடுகளில் இப்போது இது அதிகம். "மேல் மாடி பிறகு எழுப்பலாம்" என்று சிலாப் போட்டு, கம்பிகள் வானத்தைப் பார்த்து நிற்கும். மேல் மாடி வருகிற வரைக்கும் அது வீட்டுக்கு மேல் வைத்த தோசைக்கல்.

சிலாப்புக்கு உண்மையான வைத்தியம் நிழல்: சுற்றிவரத் திறந்தபடி, மூன்று நாலு அடி உயரத்தில் ஒரு தகரக் கூரை. அவ்வளவு காசு இல்லையென்றால் வெள்ளைப் பூச்சு. மாலை ஐந்து மணிக்குத் தண்ணீர் தெளிப்பதும் பலன் தரும், சோழகத்தின் காய்ந்த காற்றில் இன்னும் கூட. ஆனால் தண்ணீரைத் தேக்கி வைக்கிற யோசனையை விட்டுவிடுங்கள். ஒழுக்கு ஒருபக்கம், டெங்கு நுளம்பு மறுபக்கம்.

## பின்னேரம் ஒரு அறை மட்டும் இருக்கவிடுவதில்லை

மேற்கு யன்னல். "சன்ஷேட் போட்டிருக்கிறேனே" என்பார்கள். இரண்டடி நீட்டிய சன்ஷேட் எவ்வளவை மறைக்கும் என்று சித்திரை மாதத்துக்கு ஒரு கணக்குப் பார்ப்போம். பகல் இரண்டு மணிக்குச் சூரியன் உயரத்தில் நிற்கிறது; நிழல் யன்னலில் மூன்றரை அடி இறங்கும். மூன்று மணிக்கு இரண்டடி. நாலு மணிக்குச் சூரியன் அடிவானத்திலிருந்து 30 பாகையை ஒட்டி இறங்கிவிடும். நிழல் ஒன்றே கால் அடிதான். ஐந்து மணிக்கு வெறும் ஏழு அங்குலம். நாலடி யன்னலின் மீதி முழுக்க அறைக்குள் வெயில். நாலு மணி வெயிலை மறைக்க ஆறரை அடி நீட்ட வேண்டும், அதற்குப் பெயர் சன்ஷேட் இல்லை, விறாந்தை.

ஆகவே மேற்கில் மேலே நீட்டுவதை விட, முன்னால் நிற்க வைப்பதுதான் சரி: தட்டி, மூங்கில் சுருள், கொடி, மரம், அல்லது வெளியே திறக்கிற மரக் கதவு. திரைச்சீலை அரை வைத்தியம். கண்ணாடி தாண்டி உள்ளே வந்த வெயில் சீலையைச் சுடவைக்கும், சீலை உங்களைச் சுடவைக்கும். கண்ணாடிக்குக் கறுப்புத் தாள் ஒட்டுவதும் அப்படித்தான்.

வடக்கும் தெற்கும் அப்படியில்லை. சித்திரைப் புத்தாண்டிலிருந்து ஓகஸ்ட் கடைசி வரை மதியச் சூரியன் எங்களுக்கு வடக்கே நிற்கும் என்பதை இந்தியப் புத்தகத்தைப் பார்த்துப் படம் கீறுகிறவர்கள் மறந்துவிடுவார்கள். ஆனால் மிக உயரத்தில் நிற்பதால் இரண்டடித் தாழ்வாரமே ஆனி மாத மதியத்தில் வடக்குச் சுவரை எட்டடிக்கு மறைத்துவிடும். தெற்கில் வெயில் சரிந்து வருவது மார்கழியில், அப்போது வெயில் வந்தால் நல்லது, உடுப்புக் காயும்.

## ஃபான் சுற்றுகிறது, வியர்வை காயவில்லை

இது புழுக்கம். ஊதுபத்தி ஒன்றைக் கொளுத்தி, ஃபானை நிறுத்தி, யன்னல்களைத் திறந்து அறையின் நடுவில் பிடியுங்கள். புகை நேரே மேலே போய் அங்கேயே சுற்றினால் காற்றுக்கு உள்ளே வர வழி இருக்கிறது, வெளியே போக வழி இல்லை. ஒரே சுவரில் எத்தனை யன்னல் வைத்தாலும் பலன் இல்லை. ஒரே வாய் உள்ள போத்தலுக்குள் ஊத முடியாது.

எங்கள் காற்று இரண்டு. வைகாசியிலிருந்து புரட்டாதி வரை தென்மேற்கிலிருந்து சோழகம். மாரி தொடங்கியபின் வடகிழக்கிலிருந்து வாடை. அறைக்கு இந்த இரண்டு திசையிலும், அல்லது அதற்குக் கிட்டவாவது, எதிரெதிராகத் திறப்பு வேண்டும். எதிர்ச் சுவர் அடுத்த அறையோடு ஒட்டியதென்றால் கதவுக்கு மேலே உள்ள கண்ணாடியைக் கழற்றிவிட்டு மரச் சட்டம் அடியுங்கள், அல்லது லிண்டலுக்கு மேல் நாலு புளொக் கல்லை எடுத்துவிட்டுப் பூக்கல் வையுங்கள். அப்பா அம்மா காலத்து மண்வீட்டில் குந்துக்கு மேல் அரைச்சுவர், அரைச்சுவருக்கும் பனையோலைக் கூரைக்கும் நடுவில் ஒரு சாண் வெளி. அந்தச் சாணை நாங்கள் சீமெந்தால் அடைத்துவிட்டு ஃபான் வாங்குகிறோம்.

நுளம்பு வலை காற்றை நன்றாகக் குறைக்கும், தூசு அடைத்த வலை இன்னும் கூட. மாதம் ஒரு தரம் கழற்றிக் கழுவுங்கள். கள்ளன் பயத்தில் யன்னலைச் சாத்திவிட்டுப் படுக்கிற வீடுகளும் நிறைய. கிறில் பூட்டி, யன்னல் கதவைத் திறந்து படுக்கலாம். பாம்புக்குப் பயமென்றால் கீழ்த் துவாரங்களுக்கு மட்டும் சிறு கண் வலை.

சீலிங் இல்லாத சீற் வீட்டில் மேல்-ஃபான் போட்டால் முகட்டில் நிற்கிற சூட்டுக் காற்றைக் கீழே இறக்கித் தரும். அங்கே மேசை-ஃபான் போதும். இரவு ஏழரை, எட்டு மணிக்குப் பிறகு வெளியில் குளிர்ந்துவிடும். அப்போது நிற்கிற-ஃபானைச் சூடான அறையின் யன்னலுக்குள் வெளியே பார்க்க வைத்து, எதிர்ப்பக்கக் கதவைத் திறந்துவிடுங்கள். ஒரு மணித்தியாலம் உள்ளே உள்ளதை வெளியே தள்ளட்டும். பக்கத்து வீட்டார் ஒரு மாதிரிப் பார்ப்பார்கள்.

## யன்னலைத் திறந்தால் இன்னும் சுடுகிறது

அனல். ஆனி, ஆடியில் கச்சான் என்கிற காய்ந்த மேற்குக் காற்று வீசும்போது காய்ந்த வயலையும் தாரோட்டையும் தாண்டி வருகிற காற்று. முறிகண்டியிலிருந்து பரந்தன் வரை ஏ-9 வீதி ஓரத்தில் வீடு உள்ளவர்களுக்குப் புழுதியும் இலவசம். இதற்கு மட்டும் வைத்தியம் தலைகீழ்: காலை ஒன்பது, ஒன்பதரைக்கு அந்தப் பக்க யன்னலைச் சாத்தி, பொழுது பட்டபின் எல்லாவற்றையும் திறப்பது. கல்வீடென்றால் இரவுக் குளிரை மதியம் வரை பிடித்து வைத்திருக்கும்.

நிரந்தர வைத்தியம் மரம். தென்மேற்கில் வேம்பு, வீட்டிலிருந்து இருபதடி தள்ளி. அது வளரும் வரைக்கும் வேலிக்குக் கிளிசறியாவும் பூவரசும். நட்ட கதியால் (வேலிக் கொம்பு) இரண்டு வருடத்தில் நிழல் தரும். முருங்கையைக் கூரைக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள், காற்றுக்கு முறிந்து சீற்றில் விழும். தென்னையை ஓட்டுக்கு மேல் சாய விட்டவர்கள் ஓட்டுக்கடைக்காரருக்கு நல்ல வாடிக்கை.

## சுவரும் கூரையும் சரி, ஆனால் வாசலில் இருந்து வெக்கை அடிக்கிறது

முற்றத்துக்குச் சீமெந்து போட்டீர்களா, இன்ரலொக் கல் பதித்தீர்களா? அதுதான். மாலை ஐந்து மணிக்கு வெறுங்காலோடு நடந்து பாருங்கள். வாசலிலிருந்து கேற் வரை நடைபாதை அளவுக்கு மட்டும் விட்டு, மிச்சத்தை எடுத்துவிட்டு மண்ணாக்குங்கள். கூட்டிப் பெருக்கக் கஷ்டம் என்று அம்மா சண்டைக்கு வருவார். என் வீட்டிலும் வந்தார். யன்னலுக்கு முன்னால் பத்தடியாவது புல்லோ, குரோட்டனோ, வாழையோ நிற்கட்டும் என்று சமாதானமாகிவிட்டோம்.

## வீடு குளிர்ந்தாலும் குசினி எரிகிறது

அடுப்புக்கு மேல் புகைக்கூடு இல்லை, அல்லது குசினி தென்மேற்கு மூலையில் இருந்து சோழகம் புகையையும் சூட்டையும் வீட்டுக்குள் தள்ளுகிறது. சாத்திரத்தில் குசினிக்கு அக்கினி மூலை, அதாவது தென்கிழக்கு. சோழகம் அடித்தால் அங்கிருந்து புகை கிழக்குப் பக்கமாக வெளியே போகும், வாடை அடித்தால் தெற்குப் பக்கமாக. காரணம் எதுவானாலும் கணக்குச் சரியாகத்தான் வருகிறது.

## கோடைக்குச் செய்தது மாரியில் பிழைக்கிறது

முகட்டுத் துவாரத்தால் தூவானம் அடித்தால் வெளியே சாய்ந்த சட்டம் வைக்கச் சொல்லுங்கள், துவாரத்தை அடைத்துவிடாதீர்கள். வடகிழக்குப் பக்கத் தாழ்வாரம் மூன்றடியாவது இருக்கட்டும், மழை அந்தப் பக்கத்தால்தான் அடிக்கும். பந்தலுக்கும் பச்சை நெற்றுக்கும் கட்டிய கயிறுகளை ஐப்பசிக்கு முன் ஒருதரம் இழுத்துப் பாருங்கள். வங்காள விரிகுடாவில் தாழமுக்கம் என்று வானொலி சொன்னால் நெற்றைக் கழற்றி மடித்து வைப்பதே புத்தி.

## இன்னும் அத்திவாரம் வெட்டவில்லை என்றால்

அதிர்ஷ்டம். 2012இல் பெரிய அளவில் தொடங்கிய இந்திய அரசின் வீட்டுத் திட்டத்தில் ஒரு வீட்டின் அளவு 550 சதுர அடி. அதே அளவில், அதே முகத்தில் பின்னாலும் நிறைய வீடு எங்கள் பக்கம் எழும்பின. அளவில் பிழை இல்லை, திருப்பி வைப்பதில்தான் விஷயம். நீளப் பக்கம் வடக்கையும் தெற்கையும் பார்க்கட்டும், குறுகிய பக்கம் மேற்கை. "வாசல் கிழக்குப் பார்க்க வேணும்" என்பார்கள். பார்க்கட்டும், வாசல் கதவு மூன்றரை அடிதான். அதற்காக வீட்டின் நீளப் பக்கத்தைக் கிழக்கையும் மேற்கையும் பார்க்கத் திருப்பத் தேவையில்லை. ரோட்டுக்கு எடுப்பாகத் தெரிய வேண்டும் என்பதற்காகத் திருப்புகிறவர்களோடுதான் எனக்கு வாக்குவாதம் அதிகம். வெற்றி தோல்வி பாதிக்குப் பாதி.

மேற்கில் குளியலறை, களஞ்சியம், மாடிப்படி. கிழக்கிலோ வடக்கிலோ படுக்கையறை. காசு முட்டினால் டைல்ஸைக் குறையுங்கள், கேற்றைக் குறையுங்கள், ஓட்டையும் விறாந்தையையும் குறைக்காதீர்கள். ஏழடி ஆழ விறாந்தை, தாழ்வாரம் ஏழடி உயரத்தில் இறங்கினால், நாலு மணி வெயில் சுவரில் இரண்டரை அடிக்கு மேல் ஏறாது. யன்னல் தப்பிவிடும். ஐந்து மணிக்கு ஒரு தட்டியை இறக்கிவிட்டால் சரி.

## எல்லாம் செய்தாயிற்று, இன்னும் சுடுகிறது

இரண்டு சின்ன வெப்பமானி வாங்குங்கள். ஒன்றை வடக்கு விறாந்தையில் வெயில் படாமல் தொங்கவிடுங்கள், மற்றதைப் படுக்கையறையில், சுவரில் முட்டாமல். இரவு பத்து மணிக்கு இரண்டையும் பாருங்கள். உள்ளே நாலைந்து பாகை கூட என்றால் எங்கோ ஒரு சுவரையோ கூரையையோ தவறவிட்டிருக்கிறீர்கள், கொப்பியை எடுத்துக்கொண்டு திரும்பவும் சுற்றுங்கள். ஒன்றிரண்டு பாகைதான் வித்தியாசம் என்றால் வீட்டில் பிழை இல்லை. வெளியே வன்னிச் சித்திரை. பாயைச் சுருட்டிக்கொண்டு விறாந்தைக்கு வாருங்கள்.